எந்த அப்பாச்சி

"அப்பாச்சி விழுந்துடிச்சு மேடம்" என்றார் வேதாரத்தினம்.
இரவு பதினொன்று பத்து.
பக்கத்து நாற்காலியிலிருந்து இருதயராஜ்
"யாருக்கும் அடி இல்லியே?" என்றான்.
அவன் வண்டியும் அப்பாச்சிதான்.

கொள்முதல் நிலையத்தில் டோக்கன் வரவில்லை.
தார்ப்பாய் போதாமல் பாதி நெல் வெறும் களத்தில்.
ஈரம் பதினேழைத் தாண்டினால் எடை போட மாட்டார்கள்.
தெற்கே மின்னுகிறது.

"திரையில என்ன போட்டிருக்கு, படிங்க."
"ஐநூத்தி ரெண்டு. பேட் கேட்வே.
நீடாமங்கலத்துல கேட்டு என்னைக்குங்க நல்லாருந்திச்சு?"
சரக்கு வண்டி கடந்து முடிகிறவரை
இரண்டு முனையிலும் சிரித்தோம்.
"அடியில பொடி எழுத்துல இன்னொரு பேரு இருக்கு.
என், ஜி, ஐ... நிகிங்சு?"

என்ஜின்எக்ஸ்.
அவர் விழுந்ததாகச் சொன்னது ஒன்று,
விழுந்த செய்தியை எழுதி மாட்டியது வேறொன்று.

எனக்கு முன்பு இங்கே இருந்தவர்
விட்டுப்போன குறிப்பில் ஒரே வரி:
பிரச்சினை என்றால் அப்பாச்சியை நிறுத்தி எழுப்பவும்.

எதை?
இந்த இயந்திரத்தில் அதன் பெயர் எச்டிடிபிடி.
திருவாரூர் இயந்திரத்தில் அதே ஆள் அப்பாச்சி டூ.
அந்தப் பெயரையே இனிஷியலாகப் போட்டுக்கொண்டு
உள்ளறையில் டாம்கேட் என்று ஒருவன்,
முகம் வேறு, வேலை வேறு.
வீட்டுக்கும் அதே பெயர்தான்.
ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஆனதால் வந்த பெயர்
என்று ஒரு கதை உண்டு, நம் கோணிச்சாக்கு மாதிரி.
அப்படி இல்லை என்றும் ஒரு கதை உண்டு.

எழுப்பினேன்.
பச்சை எழுத்தில், ஓடிக்கொண்டிருக்கிறேன் என்றது.
அது எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது,
யாரும் வராத கதவில்
எந்த வருஷத்துப் பொங்கல் வாழ்த்தையோ காட்டிக்கொண்டு.

மூணாறு தலைப்பில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.
வருவது வெண்ணாறு.
மதகு தாண்டினால் மூன்று.
ஒன்று கோரையாறு, ஒன்று பாமணியாறு.
மிச்சமிருப்பது மட்டும் வந்த பெயரைக் கழற்றாமல்
வெண்ணாறாகவே போகிறது.
தலைப்புக்கு மேலேயும் அது, கீழேயும் அது.
லஸ்கர் போனில் "வெண்ணாத்துல தண்ணி வந்தாச்சு" என்றால்
மேலயா கீழயா என்று கேட்காதவன்
ராத்திரி முழுக்க வரப்பில் உட்கார்ந்திருப்பான்.

நான் கேட்கவில்லை.
இருபது நிமிஷம் வேறு ஆற்றின் மதகைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

"மேடம், தூறுது."

இருதயராஜ் எட்டிப் பார்த்தான்.
"ஏழாவது எண்ணைப் பாரு, தையல்நாயகி.
பேரைப் பாக்காத. எது கேட்டா எது பதில் சொல்லுதுன்னு பாரு."
வாசலில் நின்றது என்ஜின்எக்ஸ்.
அது உள்ளே குரல் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.
உள்ளே டாம்கேட்,
நினைவு நிரம்பி, ஒன்பது ஐம்பத்தெட்டுக்கே செத்திருந்தான்.
வாசலில் இருந்தவனை
எந்தக் குறிப்பும் பெயர் சொல்லி எழுதவில்லை.

பதினொன்று நாற்பத்தியாறுக்கு முதல் டோக்கன்.
வேதாரத்தினம் எண்களைச் சத்தமாகப் படித்தார்,
எனக்காக இல்லை, களத்தில் நின்றவர்களுக்காக.
இருபத்தி மூன்று வரை கேட்டது. பிறகு மழைச் சத்தம்.
மீதி நெல் என்ன ஆனது என்று
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.
முன்னால் நிற்பவன். உள்ளே சமைப்பவன்.
சும்மா ஓடுபவன், இவனைத் தொட வேண்டாம்.
பெயர்களை அடைப்புக்குள் போட்டேன்,
பிறகு அடைப்பையும் நம்பாமல் எண்களைச் சேர்த்தேன்.
நிலையத்துப் பதிவேட்டில் வேதாரத்தினம்
'அப்பாச்சி சரியாகிவிட்டது' என்று எழுதியிருப்பார்.
எழுதட்டும்.

விடிந்து கீழே இறங்கினால்
உரக்கடை வாசலில், ராத்திரிக் காற்றுக்கு,
நிஜமாகவே ஓர் அப்பாச்சி விழுந்து கிடந்தது.
"யார் வண்டிங்க, அப்பாச்சி?" என்றேன்.
டீக்கடையிலிருந்து மூன்று பேர்
ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.